550 தோட்டா, 10 தடங்கல்: ஒரு பாலிமர் பிஸ்டலின் கணக்கு நோட்டு

முதல் நாள், 71ஆவது தோட்டா. வெடித்த கையோடு பிஸ்டல் அப்படியே நின்றுவிட்டது. காலி கேஸ் (தோட்டாவின் உலோக உறை) வெளியே பறக்காமல், முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடுக்கும் பேரலுக்கும் (குழலுக்கும்) நடுவே மாட்டிக்கொண்டு, அடுப்புப் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றது. சுடுதளத்தில் இதற்கு ஸ்டவ்பைப் என்றே பெயர். 100ஆவது தோட்டாவுக்குள் இன்னும் இரண்டு.

பிஸ்டல் என்னுடையதல்ல. என்னோடு சுடப் பழகும் தம்பி ஒருவன் புதிதாக வாங்கியது. மூன்றாவது முறை மாட்டியதும் மேசையில் வைத்துவிட்டு, "தோட்டா சரியில்ல அண்ணே, ஸ்டீல் கேஸு. அப்பவே சொன்னாங்க" என்றான். பக்கத்து வரிசையில் நின்றவர் கேட்காமலேயே இன்னொரு தீர்ப்பு சொன்னார்: "புதுசு தம்பி, 500 ரவுண்டு ஓடினா தானா சரியாயிடும்."

இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டிலும் முழு விஷயம் இல்லை. அதனால் ஒரு நோட்டு போட்டோம். மூன்று அமர்வு, ஐந்து வகைத் தோட்டா, மொத்தம் 550. ஒவ்வொரு தடங்கலுக்கும் எந்தத் தோட்டா, எந்த மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), மேகசினில் எத்தனையாவது, யார் கை என்று நாலு கட்டம்.

கையில் எடுத்தபோது

மாடலின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரே ஒரு பிஸ்டலை வைத்து மொத்த மாடலுக்கும் மார்க் போடுவது நியாயமாகப் படவில்லை. நடுத்தர அளவு, 9×19 மிமீ, ஸ்ட்ரைக்கர் வகை (வெளியே சுத்தியல் இல்லை, உள்ளே இருக்கும் ஊசியே அடிக்கும்), 102 மிமீ பேரல், 15 தோட்டா கொள்ளும் எஃகு மேகசின் இரண்டு. மேகசின் இல்லாமல் 600 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

எடுத்ததும் உறைப்பது எடை அல்ல, எடை இருக்கும் இடம். மேலே ஸ்லைடும் பேரலும் எஃகு, கீழே சட்டகம் பாலிமர். காலி மேகசினோடு பிடித்தால் தலை கனத்து, பிடி உள்ளீடற்றது போல இருக்கிறது. முழு மேகசினைச் செருகியதும் சமனாகிவிடுகிறது. ஒரு தோட்டா சுமார் 12 கிராம், 15 என்றால் 180 கிராம். பிடிக்குள் இருக்கும் அந்த எடை சுடச் சுடக் குறைந்துகொண்டே வருகிறது. முதல் நாள் இதை ஒரு ரசனைக் குறிப்பாகத்தான் எழுதி வைத்தேன். இரண்டாம் அமர்வுக்குப் பிறகு அந்த வரிக்கு அடியில் கோடு போட்டேன்.

சட்டகத்தை அச்சில் வார்த்த கோடு டிரிகர் வளையத்தின் அடியில் நகத்துக்குத் தட்டுப்பட்டது. ஸ்லைடைக் கழற்றிப் பார்த்தால், அது ஓடும் தண்டவாளம் முழு நீளத்துக்கு இல்லை. பாலிமரில் பதித்த நாலு சின்ன எஃகுத் துண்டுகள், அவ்வளவுதான். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்த ஏற்பாடு நேற்று வந்ததில்லை. 1970இல் ஹெக்லர் அண்ட் கோக் விபி70 பாலிமர் சட்டகத்தோடு வந்தது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17ஐ பி80 என்ற பெயரில் எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின. அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் துப்பாக்கி எக்ஸ்ரேயில் தெரியாது என்று ஒரு புரளி ஓடியது. எடையில் பெரும்பங்கு எஃகாக இருக்கும் பொருள் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியாமல் போகும் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

டிரிகர் பரவாயில்லை. கொஞ்ச தூரம் லேசாக வரும், பிறகு சுவரில் முட்டியது போல நிற்கும், அதைத் தாண்டும்போது மணல் கடித்த மாதிரி ஒரு நெருடல். சுருள் தராசில் பத்து முறை இழுத்துப் பார்த்ததில் சராசரி 2.6 கிலோ. 200 தோட்டா போனபின் நெருடல் பாதியாகிவிட்டது. பிடியின் சொரசொரப்பை மட்டும் நான் மன்னிக்கத் தயாரில்லை. வியர்த்த கையில் நழுவாது என்பது மெய்தான். ஆனால் 100 தோட்டாவுக்குள் நடுவிரல் ஓரத்தில் தோல் சிவந்துவிட்டது.

பிடியின் முதுகுப் பக்கத்துக்கு மூன்று அளவில் மாற்றுத் துண்டுகள் பெட்டியிலேயே வருகின்றன. தம்பி பெரியதை மாட்டியிருந்தான். கெட்டியாகத் தெரிகிறதாம். அவன் கைக்கு அது கொஞ்சம் அதிகம்.

அப்புறம், முதல் நாள் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியைப் பிரித்த வேகத்தில் சுடுதளத்துக்கு வந்துவிட்டோம். துரு பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய கெட்டி கிரீஸ் அப்படியே இருந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, பிறகு சுடு என்றுதான் கையேட்டின் தொடக்கத்திலேயே போட்டிருக்கிறது. கையேட்டை வீட்டுக்குப் போய்த்தான் படித்தோம்.

ஐந்து வகை

நோட்டில் அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்தோம். அ என்பது சாதாரண 115 கிரெய்ன் உருள்முனை, பித்தளைக் கேஸ். ஆ அதே 115 கிரெய்ன், எஃகுக் கேஸ், விலை குறைவு. தம்பி இதில் 500 மொத்தமாக வாங்கிவிட்டான். இ 124 கிரெய்ன், நேட்டோ தரம், கொஞ்சம் முரட்டுத்தனம். ஈ 147 கிரெய்ன் தட்டைமுனை. உ 124 கிரெய்ன் குழிமுனை, பித்தளைக் கேஸில் நிக்கல் பூச்சு. பயிற்சி தவிர்த்த நேரத்தில் அவன் வைத்துக்கொள்ள நினைப்பது இதைத்தான், ஆகவே இது ஓடினால்தான் மற்றதுக்கெல்லாம் அர்த்தம்.

கிரெய்ன் பழக்கமில்லாதவர்களுக்கு: ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். 115 என்பது சுமார் ஏழரை கிராம் குண்டு (தோட்டாவில் பறந்து போகும் பகுதி மட்டும்), 147 என்பது ஒன்பதரை.

இரண்டாம் அமர்வில் வேகமானி வைத்து அளந்தோம். போட்டிகளில் குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டுச் சுடுதல் அமைப்பின் போட்டியில் மைனர் பிரிவில் நிற்க 125 வேண்டும். இந்த பிஸ்டலில் அ 130, இ 146, ஈ 137, உ 140. ஆ மட்டும் சராசரி 120. அதைவிட மோசம் அதன் சிதறல். அ வகையில் வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் வித்தியாசம் நொடிக்கு 14 மீட்டர். ஆ வகையில் 289இலிருந்து 331 வரை, அதாவது 42 மீட்டர்.

அந்த 289 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சத்தமே 'பொத்' என்று வந்தது. இந்தச் சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடக்கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருந்தால் அடுத்த குண்டு அதன் முதுகில் மோதி பேரலைக் கிழித்துவிடும். மேகசினைக் கழற்றி, அறையை (தோட்டா உட்காரும் பேரலின் பின்பகுதி) காலி செய்து, பேரலைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தோம். வழி திறந்திருந்தது, குண்டு இலக்கில் இருந்தது. அந்தச் சுடுதலின் கேஸ் வெளியே போகாமல் ஸ்டவ்பைப் ஆகியிருந்தது.

தடங்கல்களைப் பிரித்தபோது

முதல் அமர்வில் அ, இ, ஆ மூன்றிலும் ஐம்பது ஐம்பது, பத்துப் பத்தாக நிரப்பி. அ வகையில் மூன்றாவது தோட்டாவிலேயே ஸ்லைடு முழுதாக மூடாமல் இரண்டு மில்லிமீட்டர் பின்னால் நின்றது. உள்ளங்கையால் தட்டியதும் மூடியது. அது கிரீஸின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுத்தம் செய்த பிறகு ஒரு முறைகூட வரவில்லை.

ஆ வகையில் நாலு: மூன்று ஸ்டவ்பைப், ஒன்று வெடிக்கவே இல்லை. வெடிக்காத தோட்டாவை இலக்கை நோக்கியே 30 நொடி பிடித்திருந்து, பிறகு வெளியே எடுத்தோம். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் இந்தப் பொறுமை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பிரைமரில் (கேஸின் அடியில், அடிபட்டதும் தீப்பொறி தரும் சின்ன மூடி) குழி நட்டநடுவில் விழுந்திருந்தது. இது முக்கியம். சாய்ந்து பூட்டும் இந்த வகைப் பேரலில் ஸ்லைடு முழுதாக மூடாமல் ஸ்ட்ரைக்கர் அடித்தால் குழி மையம் தப்பி விழும், ஆழமும் குறையும். இங்கே அப்படி இல்லை. ஆக பிஸ்டல் தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தத் தோட்டாவையே திரும்ப மேகசினில் போட்டுச் சுட்டபோது வெடித்தது. பிரைமரைத் தொழிற்சாலையில் அடிவரைக்கும் அழுத்தாமல் விட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடும், இரண்டாவது அடிதான் வெடிக்க வைக்கும். இந்த ஒன்றைத் தோட்டாவின் கணக்கில் தயங்காமல் எழுதினேன்.

இ வகையில் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு இன்னொரு தொந்தரவும் இருந்தது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்க வேண்டும். 15 மேகசினில் ஆறு முறை நிற்கவில்லை. தோட்டாவில் வேகம் போதவில்லை என்றுதான் தம்பி இதையும் சேர்த்து எழுதினான். நோட்டைப் புரட்டினால் ஆறும் அவன் கை, என் கையில் ஒன்றுகூட இல்லை, அதிலும் இரண்டு முரட்டு இ வகையில். அடுத்த முறை அவன் கட்டை விரலைக் கவனித்தேன். ஸ்லைடு நிறுத்தும் லீவரின் மேலேயே படுத்திருந்தது. லீவர் எப்படி எழும்? விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான், அதோடு முடிந்தது.

இது அவனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்க ராணுவம் அப்போது புதிதாக எடுத்த எக்ஸ்எம்17 பிஸ்டல் குறித்து அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 2017ஆம் நிதியாண்டுச் சோதனை அறிக்கை இதே குறையைத்தான் பேசியது. சுடுபவரின் பிடி லீவர் மேல் படுவதால் ஸ்லைடு நிற்காமல் போகிறது என்று. அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு. அந்த பிஸ்டலில் சாதாரண உருள்முனைத் தோட்டாவைவிடச் சிறப்புப் பயன்பாட்டுத் தோட்டாதான் (அது குழிமுனை வகை) தடங்கல் குறைவாக ஓடியிருக்கிறது. உருள்முனை எதிலும் ஓடும், குழிமுனைதான் சிக்கும் என்று மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

ஆனால் எங்கள் பிஸ்டலில் குழிமுனை சிக்கத்தான் செய்தது. இரண்டாம் அமர்வில் ஐந்து வகையிலும் நாற்பது நாற்பது. உ வகையில் இரண்டு தடங்கல். குண்டின் மூக்கு கீழே குனிந்து, அறைக்கு ஏறும் சரிவில் முட்டி நின்றது. முதலில் தோட்டா அறைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தோம். பேரலைத் தனியே கழற்றி, பின்பக்கத்தை மேலே பிடித்து, தோட்டாவை விட்டால் 'டிங்' என்று விழுந்து உட்கார வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். பத்துத் தோட்டா போட்டோம், பத்தும் சரி.

அப்புறம் நோட்டைப் பார்த்தோம். முதல் அமர்வுக்குப் பிறகு மேகசின்களில் வெள்ளை பெயின்ட்டால் 1, 2 என்று எழுதியிருந்தோம். சிக்கிய இரண்டும் மேகசின் 2. இரண்டும் 15 தோட்டா முழுதாக நிரப்பிய பிறகு, மேலிருந்து இரண்டாவது. தரையிலிருந்து பொறுக்கிய கேஸ்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது பாதி கேஸ்களில் ஒரு பக்கம் நீளவாக்கில் ஒரு மின்னும் கீறல், மயிரிழை அகலத்தில். நிக்கல் பூச்சு உரிந்து அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. மேகசின் 2இன் வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் வலது உதட்டின் உள்விளிம்பில் ஒரு பஞ்சுத் துணுக்கை இழுத்துப் பார்த்தேன், மாட்டிக்கொண்டது. வெட்டிய தகட்டின் பிசிறு, தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள். முழு மேகசினில் ஸ்ப்ரிங் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அதோடு இந்தப் பிசிறும் சேர்ந்து தோட்டாவைப் பின்னிழுக்க, மூக்கு மழுங்கிய குண்டு சரிவின் அடிப்பகுதியில் போய் இடிக்கிறது. உருண்ட மூக்கு அதே இடத்தில் வழுக்கி ஏறிவிடுகிறது. அதனால்தான் அ, இ, ஆ மூன்றும் அதே மேகசினில் சத்தமில்லாமல் ஓடின.

நானே நைசான அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்திருக்கலாம். உத்தரவாதம் இருக்கும்போது கை வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விற்றவர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். புது மேகசினுக்கு 3 என்று எழுதினோம். மூன்றாம் அமர்வில் உ வகை 100, அதில் பாதி மேகசின் 3இல், ஒவ்வொரு முறையும் முழுதாக நிரப்பி. ஒன்றும் சிக்கவில்லை.

ஸ்டவ்பைப்

இதுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. முதல் அமர்வில் மூன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. ஆறும் ஆ வகை. எனவே எஃகுக் கேஸ்தான் குற்றவாளி என்று தம்பி சொன்னதில் தவறில்லை போலத்தான் தோன்றும். ஆனால் ஆறும் தம்பியின் கை. மூன்று அமர்விலும் சேர்த்து ஆ வகையில் அவன் சுட்டது 75, நான் சுட்டது 65. யார் கை என்பதற்குச் சம்பந்தமே இல்லாவிட்டால், ஆறும் அவன் பக்கமே விழ வாய்ப்பு நாற்பதில் ஒன்று அளவுதான்.

சரி, அப்படியானால் குற்றம் அவன் கையா? அதே கையால் அ, இ, ஈ, உ நாலையும் சுட்டிருக்கிறான், ஒரு ஸ்டவ்பைப்கூட இல்லை.

இங்கேதான் பாலிமர் வருகிறது. வெடித்ததும் ஸ்லைடு பின்னால் பாய்கிறது. சட்டகம் அசையாமல் நின்றால்தான் அந்தப் பாய்ச்சலுக்கு முழு நீளம் கிடைக்கும். எஃகுச் சட்டகம் தன் எடையாலேயே ஓரளவு நிற்கும். பாலிமர் சட்டகத்துக்கு அந்தச் சொந்த எடை குறைவு, அந்தக் குறையை மணிக்கட்டுதான் ஈடுகட்ட வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போய்விடும். ஸ்லைடின் விசையை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங்குக்கு ஒரு பிடித்தம், உராய்வுக்கு ஒரு பிடித்தம், தளர்ந்த கைக்கு ஒரு பிடித்தம். எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் கேஸ் எஜெக்டர் என்ற தட்டும் முனையில் மோதி வெளியே பறக்கும். 146 சம்பளம் வாங்கும் இ வகைக்கு இதெல்லாம் உறைக்காது. 120 வாங்கும் ஆ வகைக்கு, அதுவும் சில மாதம் 109தான் என்றால், ஒரு பிடித்தம் கூடினாலே துண்டு விழும். 109 என்பது அந்த 'பொத்' தோட்டாவின் கணக்கு.

ஆறில் நாலு, மேகசினின் கடைசி மூன்று தோட்டாக்களில் வந்தவை. பிடிக்குள் இருந்த எடையும் அப்போது போய்விட்டிருக்கும். ஆறை வைத்து இதை நிரூபிக்க முடியாது என்றாலும், திசை பொருந்துகிறது.

எஃகு என்பதன் பங்கு தனியாக உண்டு. பித்தளை வெடிக்கும்போது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி, அழுத்தம் இறங்கியதும் மீளும். எஃகு அவ்வளவு விரியாது, அதனால் புகை பின்னால் கசிகிறது. 50 ஆ வகைக்குப் பிறகு அறையைத் துடைத்த வெள்ளைத் துணி அடுப்புக்கரித் துணியாக வந்தது. கேஸின் மேல்பூச்சு உருகி ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு கதை சொல்வார்கள். நாங்கள் பார்த்தது வெறும் கரி, கரைப்பான் பட்டதும் போய்விட்டது.

மூன்றாம் அமர்வில் பிடியின் முதுகுத் துண்டை நடுத்தர அளவுக்கு மாற்றி, கையை ஸ்லைடுக்கு நெருக்கமாக ஏற்றிப் பிடிக்கச் சொன்னேன். ஆ வகையில் 25 சுட்டதில் ஒன்றுதான் வந்தது, அதுவும் கடைசி மேகசினில், கை ஓய்ந்தபின்.

எவ்வளவு சுட்டால் நம்பலாம்?

ஈ வகை 40 சுட்டோம், தடங்கல் இல்லை. "இது நூத்துக்கு நூறு அண்ணே" என்றான் தம்பி. இல்லை. n தோட்டாவில் ஒரு தடங்கல்கூட வராவிட்டால், உண்மையான தடங்கல் விகிதம் 3ஐ nஆல் வகுத்தால் வருவதற்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 40க்கு அது 7.5 சதவீதம். பதின்மூன்றுக்கு ஒன்று சிக்கும் தோட்டாகூட நாற்பதைத் தாண்டி ஓடிவிட முடியும். இ வகை 90க்கு 3.3 சதவீதம். உ வகையில், மேகசின் மாற்றியபின் ஓடிய 100க்கு 3 சதவீதம். நூற்றில் ஒன்றுக்குக் கீழே என்று சொல்ல வேண்டுமானால் 300 தோட்டா தடங்கலின்றி ஓட வேண்டும். நடுவில் தோட்டா வகையையோ ஸ்ப்ரிங்கையோ மாற்றினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். குழிமுனை விற்கும் விலைக்கு 300 சுட யாருக்கும் மனசு வராது, ஆனால் 20 சுட்டுவிட்டு நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

பத்துத் தடங்கலையும் கடைசியில் இப்படி எழுதி வைத்தோம்: கிரீஸ் ஒன்று, பிரைமர் ஒன்று, மேகசின் உதடு இரண்டு, மெலிந்த தோட்டாவும் தளர்ந்த பிடியும் சேர்ந்தது ஆறு. பழகப் பழகச் சரியாகும் என்ற பக்கத்து வரிசைக்காரரின் வாக்குக்குப் பொருந்துவது டிரிகரின் நெருடல் மட்டும்தான். மேகசின் பிசிறு 5000 தோட்டா ஓடினாலும் தானாகத் தேய்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

உ வகைக்கு இன்னும் 200 பாக்கி, மாதம் ஒரு பெட்டியாகத் தீர்ப்பதாகத் திட்டம். ஆ வகையில் 360 மீதி இருக்கிறது. பிடியைப் பழக அதைவிட நல்ல தோட்டா கிடைக்காது, தப்பு செய்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்க கைக்குத்தான் அது ஓடுது, நீங்களே சுடுங்க அண்ணே" என்கிறான்.